யாரு காசு, யாருக்குக் கணக்கு?

வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தச் சுத்தித்தான் இருக்கு. தொண்டு நிறுவனம், போராட்டம், கட்சி நிதி. அதனால சினிமா, கிரிக்கெட் கேள்வி அனுப்புனவங்க கோவிச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

அண்ணாச்சி, எங்க பக்கம் யாரு போராடுனாலும் "வெளிநாட்டுக் காசு"ன்னு உடனே ஒரு பேச்சு கெளம்புது. காசு வருதா, வரலையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.
— மு.ஜெ., உவரி

ஒரே வார்த்தையில சொல்ற விஷயமா இருந்தா டீக்கடையிலயே முடிஞ்சிருக்குமே. நீங்க கூடங்குளத்த மனசுல வச்சுத்தான் கேக்குறீங்கன்னு ஊர் பேரப் பாத்தாலே தெரியுது, அதையே எடுத்துக்குவோம். 1988-ல ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட அணு மின் திட்டம் அது. ஜப்பான்ல ஃபுகுஷிமா உலை வெடிச்சத டிவியில பாத்துட்டு 2011 ஆகஸ்ட்ல இடிந்தகரையில போராட்டம் பெருசாச்சு. 2012 பிப்ரவரியில பிரதமர் மன்மோகன் சிங் "சயின்ஸ்" பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில, இதுக்குப் பின்னாடி பெரும்பாலும் அமெரிக்காவுல இருக்குற தொண்டு நிறுவனங்கள்தான் இருக்குன்னு சொன்னாரு. சொன்ன சூட்டோட நாகர்கோவில்ல லாட்ஜ் எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர நாட்ட விட்டே அனுப்பினாங்க, தென்மாவட்டத்துல சில நிறுவனங்களோட கணக்க முடக்குனாங்க. போராட்டத்த முன்னின்னு நடத்துன உதயகுமார், எனக்கு யாருகிட்டயும் காசு வரலன்னு பிரதமருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாரு. பதினோரு வருஷம் கழிச்சு 2023 ஏப்ரல்ல ஆளுநர் ரவி அதே பாட்டத் திரும்பப் பாடினாரு, கூடவே தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தையும் சேத்துக்கிட்டாரு. ஆட்சி மாறுனாலும் அந்த வசனம் மட்டும் மாறல பாருங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். தென்மாவட்டத்துல இருக்குற மறைமாவட்டங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டுக் காசு வருது, பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சுனாமி வீட்டுக்குன்னு பல காலமா வருது, அரசாங்கத்துக்கிட்டயே அதுக்குக் கணக்கு இருக்கு. ஆனா இடிந்தகரையில லூர்து மாதா கோயில் முன்னால போட்டிருந்த பந்தல்ல மடியில முறத்த வச்சு பீடி சுத்திக்கிட்டே நாள் முழுக்க உக்காந்திருந்த பொம்பளைங்கள எந்த டாலரும் கூட்டிட்டு வரல. கடலுக்குப் போற ஆளுங்க வருமானத்துல ஒரு பங்க போராட்டத்துக்குன்னு எடுத்து வச்சாங்க. பயமும் கோபமும் அவங்களோடதுதான். காசு வேல செய்யுற இடம் வேற, அந்தக் கோபம் டெல்லி வரைக்கும் போய்ச் சேருமா, இல்ல ஊர் எல்லையிலயே நின்னுடுமாங்கறது அங்கதான் முடிவாகுது. வக்கீல், ரயில் டிக்கெட், ஆவணங்கள் ஜெராக்ஸ், இங்கிலீஷ்ல ஒரு அறிக்கை எழுத ஆளு, எல்லாத்துக்கும் செலவு இருக்குல்ல. பூவுலகின் நண்பர்கள்ங்கற சுற்றுச்சூழல் அமைப்போட சுந்தர்ராஜன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாரு, 2013 மே மாசத் தீர்ப்புல உலைய ஓட்டலாம்னு சொன்னாலும் கோர்ட்டு 15 கட்டளை போட்டுச்சு. யாராவது மெனக்கெட்டு டெல்லிக்குப் போகலன்னா அந்த 15-ம் இல்ல.

இன்னொண்ணு, அந்த உலைக்கே ரஷ்யா கடன் கொடுத்துச்சு. அத யாரும் வெளிநாட்டுக் காசுன்னு திட்டுனதில்ல!

எஃப்.சி.ஆர்.ஏ., எஃப்.சி.ஆர்.ஏ.ன்னு சொல்றாங்களே, அது என்ன சட்டம் சார்? எல்லா நிறுவனத்தையும் ஏன் அத வச்சே மூடுறாங்க?
— ப.ரா., திண்டுக்கல்

வெளிநாட்டுல இருந்து வர்ற நன்கொடைய ஒழுங்குபடுத்துற சட்டம். எமர்ஜென்சி நேரத்துல 1976-ல வந்துச்சு. அன்னைக்கு இருந்த பயம் வெளிநாட்டுக்காரன் நம்ம கட்சிகளையும் தேர்தலையும் வெலைக்கு வாங்கிடுவான்ங்கறது. மன்மோகன் ஆட்சியில 2010-ல பழச எடுத்துட்டு புதுச் சட்டம் கொண்டு வந்தாங்க, அதுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பதிவப் புதுப்பிக்கணும். அங்கதான் பிடி இருக்கு. உங்க மேல வழக்கு நடத்தி நிரூபிக்க வேண்டியதில்ல, புதுப்பிக்காம விட்டாலே போதும், காசு நின்னுடும், சம்பளம் நின்னுடும், ஆறு மாசத்துல ஆபீஸ் வாடகை கொடுக்க முடியாம தானா மூடிட்டுப் போயிடுவாங்க. இதுவரைக்கும் 20,000-த்துக்கும் மேல பதிவு ரத்தாகியிருக்கு. எல்லாமே பழிவாங்கல்னு சொல்ல மாட்டேன், வருஷாவருஷம் கணக்கே காட்டாத லெட்டர்பேடு அமைப்புங்களும் அதுல நிறைய. ஆனா டெல்லியில கொள்கை ஆய்வு பண்ற சி.பி.ஆர். பதிவு 2023-ல சஸ்பெண்ட், 2024-ல ரத்து. சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் இந்தியா 2015-லயே ரத்து. அன்னை தெரசாவோட சபைக்கே 2021 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் புதுப்பிக்க மாட்டேன்னுட்டு, ஊரே சத்தம் போட்டதும் ரெண்டு வாரத்துல திருப்பிக் கொடுத்தாங்க. சத்தம் போட ஆள் இல்லாத சின்ன நிறுவனத்தோட கதிய நீங்களே நினைச்சுப் பாருங்க.

2020 செப்டம்பர் திருத்தம் பத்தித்தான் அதிகம் பேசணும், ஆனா அதப்பத்தி பேசுனவங்க கம்மி. கொரோனா உச்சத்துல இருந்தப்ப வந்துச்சு. மூணு மாத்தம். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் பண்ணலாம்னு இருந்தத 20-ஆ குறைச்சாங்க. யாரா இருந்தாலும் டெல்லி மெயின் பிராஞ்ச் எஸ்.பி.ஐ.யிலதான் வெளிநாட்டுக் காசுக்குக் கணக்குத் தொடங்கணும்னாங்க. மூணாவதுதான் அடி மடியிலயே கை வச்சது. வெளிநாட்டுக் காசு வாங்குன பெரிய நிறுவனம் அத இன்னொரு நிறுவனத்துக்குப் பிரிச்சுக் கொடுக்கக் கூடாது. முன்னாடி எப்படின்னா, சென்னையிலயோ மதுரையிலயோ இங்கிலீஷ் தெரிஞ்ச, ஆடிட்டர் வச்ச ஒரு பெரிய அமைப்பு காச வாங்கி, கல்குவாரித் தொழிலாளர் சங்கம், பழங்குடிப் பெண்கள் குழுன்னு பத்துப் பதினஞ்சு சின்ன அமைப்புக்கு அம்பதாயிரம் ஒரு லட்சம்னு கொடுக்கும். அந்தக் குழாய் ஒரே நாள்ல அடைபட்டுப் போச்சு. இப்ப பெரிய அமைப்பு நேரடியா செய்யுற வேலைக்கு மட்டும்தான் வழி, கிராமத்துல இருக்குற அமைப்பு தானா பதிவு வாங்குறது குதிரைக் கொம்பு. 2022-ல உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு, வெளிநாட்டு நன்கொடை வாங்குறது யாருக்கும் அடிப்படை உரிமை இல்லன்னு.

ஒரு ஆறுதல் தீர்ப்பும் இருக்கு. பந்த், ஹர்த்தால், சாலை மறியல், ரயில் மறியல்ல இறங்குற எந்த அமைப்பையும் "அரசியல் அமைப்பு"ன்னு முத்திரை குத்தி காச நிறுத்தலாம்னு ஒரு விதி இருந்துச்சு. 2020 மார்ச்சுல இன்சாஃப்ங்கற அமைப்பு போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் அதுக்குக் கடிவாளம் போட்டுச்சு, கட்சி அரசியல் நோக்கம் இல்லாம மக்கள் பிரச்சினைக்காக இதச் செய்யுறவங்கள அப்படிச் சொல்லக் கூடாதுன்னு. விதி தளர்ந்துச்சு சரி, புதுப்பிக்குற பேனா அதே ஆளு கையிலதானே இருக்கு.

வெளிநாட்டுக் காசு கூடாதுன்னா கட்சிங்களுக்கும் கூடாதுல்ல? அவங்க மட்டும் எப்படி வாங்குறாங்க?
— செ.அ., தூத்துக்குடி

அண்ணாச்சி, தூத்துக்குடியில இருந்து இந்தக் கேள்வி வர்றதுதான் பொருத்தம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையாப் படிங்க, ஏன்னா இந்தக் கதை நம்ம ஊர்ல பல பேருக்குத் தெரியாது.

வேதாந்தா ரிசோர்சஸ் லண்டன்ல பதிவான கம்பெனி. உங்க ஊர் தாமிர ஆலைய நடத்துன ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ், சேசா கோவா ரெண்டும் அதோட பிடியில இருந்த கம்பெனிங்க. இவங்க காங்கிரசுக்கும் பாஜகவுக்கும் நன்கொடை கொடுத்திருந்தாங்க. கட்சிங்க, வேட்பாளருங்க கணக்க அலசுற ஏ.டி.ஆர்.ங்கற அமைப்பும், மத்திய அரசுல செயலாளரா இருந்த இ.ஏ.எஸ். சர்மாவும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2014 மார்ச்சுல தீர்ப்பு வந்துச்சு, ரெண்டு கட்சியும் 1976 சட்டத்த மீறியிருக்கு, ஆறு மாசத்துல நடவடிக்கை எடுங்கன்னு உள்துறைக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் உத்தரவு. கட்சிங்க என்ன பண்ணுச்சு தெரியுமா? சட்டத்தயே மாத்திடுச்சு. 2016 பட்ஜெட்டோட நிதி மசோதாவுக்குள்ள, அனுமதிச்ச அளவுக்குள்ள வெளிநாட்டு முதலீடு இருந்தா அந்தக் கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனியே இல்லன்னு ஒரு வரி சேத்தாங்க, அதையும் 2010-ல இருந்து செல்லும்னு முன்தேதி போட்டாங்க. அப்புறமாத்தான் யாரோ கவனிச்சிருக்காங்க, கோர்ட்டு சொன்ன நன்கொடை எல்லாம் 2010-க்கு முன்னாடியாச்சே! உடனே 2018 நிதி மசோதாவுல அந்தத் தேதிய 1976 ஆகஸ்ட் 5-ன்னு திருத்துனாங்க. 42 வருஷத்துக்குப் பின்னால போய் ஒரு தப்ப தப்பு இல்லன்னு ஆக்கியாச்சு, மக்களவையில கூச்சல் குழப்பத்துக்கு நடுவுல, விவாதம் இல்லாம. ஆளுங்கட்சி கொண்டு வந்துச்சு, அதனால எதிர்க்கட்சியா இருந்த காங்கிரசும் தப்பிச்சுச்சு. வேற எந்த விஷயத்துலயும் ரெண்டு பேரும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பாத்ததில்ல.

அது நடந்தது மார்ச்சுல. அதே வருஷம் மே 22-ல உங்க ஊர்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஸ்டெர்லைட்டுக்கு எதிரா நூறாவது நாள் ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, 13 பேர் செத்தாங்க. அந்த ஊர்வலத்துல போனவங்களப் பாத்துத்தான் "வெளிநாட்டுக் காசு"ன்னு இன்னிக்கும் சொல்றாங்க. கம்பெனிகிட்ட வாங்குன கட்சிக்கு முன்தேதி போட்டு மன்னிப்பு, கம்பெனிய எதிர்த்தவங்க மேல சந்தேகம். எனக்குத் தெரிஞ்சு இந்த நாட்டுல காசு எப்படி சட்டமா மாறுதுங்கறதுக்கு இதவிட நேரடியான சாட்சி வேற இல்ல.

தேர்தல் பத்திரத்துல நம்ம தமிழ்நாட்டுக் கட்சிங்களும் வாங்குச்சா? சும்மா வடநாட்டுக் கட்சிகளையே திட்டுறீங்களே.
— பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

உங்க ஊர்ப் பெயரச் சொல்லிட்டு இந்தக் கேள்வி கேக்க ஒரு தைரியம் வேணும்! யாரு கொடுத்தாங்கன்னு வெளிய தெரியாம பேங்க்ல பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்குற திட்டம் அது. நாட்டுலயே அதிகமா பத்திரம் வாங்குன கம்பெனி உங்க ஊர் லாட்டரி மார்ட்டினோட ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. திமுகவுக்கு மொத்தம் வந்த 656.5 கோடியில 509 கோடி அந்த ஒரு கம்பெனியோடது. தமிழ்நாட்டுல லாட்டரிக்கு 2003-ல இருந்தே தடை. எதுக்காகக் கொடுத்தாங்கன்னு பத்திரத்துல எழுதியிருக்காது, நானும் ஊகிக்கல. திமுகவப் பாராட்டவும் ஒண்ணு இருக்கு, யாரு கொடுத்தாங்கன்னு பட்டியலத் தானா ஆணையத்துக்கிட்ட கொடுத்த சில கட்சிகள்ல அது ஒண்ணு. அதிமுகவும் கொடுத்துச்சு, அதுக்கு வந்தது 6 கோடி சொச்சம், அதுல பெரும்பங்கு சென்னை சூப்பர் கிங்ஸ் கம்பெனி (தோனி ரசிகர்கள் என்னைத் திட்ட வேண்டாம்). பாஜகவுக்கு வந்தது இதெல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடும், 6,000 கோடிக்கு மேல. மார்க்சிஸ்ட் கட்சி வாங்கவே இல்ல, வாங்காதது மட்டுமில்ல வழக்கும் போட்டுச்சு. 2024 பிப்ரவரி 15-ல உச்ச நீதிமன்றம் திட்டத்தயே ரத்து பண்ணிச்சு. அந்த வழக்குலயும் மனுதாரர் யாருன்னு பாருங்க, அதே ஏ.டி.ஆர்., 1999-ல அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சில பேர் ஆரம்பிச்ச தொண்டு நிறுவனம்.

அமெரிக்கா நம்ம தேர்தலுக்கு 2.1 கோடி டாலர் கொடுத்ததா வாட்ஸ்அப்ல வந்துச்சே?
— கி.வே., ஓசூர்

2025 பிப்ரவரியில அமெரிக்க அரசுச் செலவக் குறைக்கன்னு எலான் மஸ்க் நடத்துன டோஜ் குழு போட்ட பட்டியல்ல "இந்தியாவுல வாக்குப்பதிவ அதிகரிக்க"ன்னு அந்தத் தொகை இருந்துச்சு, ட்ரம்ப்பும் மேடைக்கு மேடை சொன்னாரு. இந்தியன் எக்ஸ்பிரஸ் தோண்டிப் பாத்து, அந்தப் பணம் 2022-ல பங்களாதேஷுக்கு ஒதுக்குனதுன்னு எழுதுச்சு. ஃபார்வர்டு வந்த வேகத்துல மறுப்பு வரல, அவ்வளவுதான்.

நான் பத்து வருஷமா ஒரு தொண்டு நிறுவனத்துல ஃபீல்டு ஸ்டாஃபா இருக்கேன். மக்களுக்கு என்ன தேவைன்னு எங்களுக்குத் தெரியும், ஆனா எழுதுறது என்னமோ டோனருக்குப் பிடிச்சதத்தான். எல்லா இடத்துலயும் இப்படித்தானா அண்ணாச்சி?
— நாகப்பட்டினம் வாசகி

தங்கச்சி, ஆமான்னு சொல்லத்தான் வேண்டியிருக்கு, அதுவும் உங்க ஊர்ல இருந்துகிட்டு இந்தக் கேள்விக்கு உதாரணம் தேடி வேற எங்கயும் போக வேண்டாம். 2004 சுனாமிக்கு அப்புறம் உலகம் பூரா இருந்து காசு கொட்டுச்சு. கொடுக்குறவங்களுக்கு எது கண்ணுக்குத் தெரியும்? படகு. ஃபைபர் படகு வாங்கி, பக்கவாட்டுல தங்களோட நிறுவனப் பேர பெருசா பெயிண்ட் அடிச்சு, சாவி கொடுக்குற மாதிரி ஒரு போட்டோ எடுத்தா அறிக்கையில முதல் பக்கம். கடைசியில பல ஊர்ல சுனாமிக்கு முன்னாடி இருந்ததவிட அதிகப் படகு நின்னுச்சு, ஏற ஆளும் இல்ல, பிடிக்க அவ்வளவு மீனும் இல்ல. கூடை தூக்கி மீன் வித்த பொம்பளைங்க, உப்பளத்துல வேல பாத்தவங்க, உப்புத் தண்ணி ஏறுன நெலத்துல கூலிக்குப் போன தலித் குடும்பங்க, இவங்க இழந்ததுக்கு போட்டோ எடுக்க ஒண்ணுமில்ல. அதனால அவங்க வரிசையில கடைசி.

தப்பு முழுக்க டோனர் மேலன்னும் சொல்ல மாட்டேன். தொண்ணூறுகள்ல எய்ட்ஸ் தடுப்புக்கு அமெரிக்க அரசோட உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் காசுல சென்னை வி.எச்.எஸ். தொண்டு ஆஸ்பத்திரி நடத்துன ஏபேக் திட்டம் நெடுஞ்சாலையில லாரி டிரைவர்கள்கிட்ட ஆணுறை பத்திக் கூச்சமில்லாம பேசுச்சு. அன்னைக்கு எந்த அரசாங்க ஆபீசர் அத வாயத் தொறந்து பேசியிருப்பாரு? அந்த வேலமுறை அப்புறம் அரசுத் திட்டமாவே ஆச்சு. ஆனா அதுக்கு ஒரு பக்க விளைவு உண்டு, நெலம், கூலி, கொத்தடிமைன்னு பேசிக்கிட்டு இருந்த அமைப்புங்க சில வருஷத்துக்கு போர்டு மாத்தி எய்ட்ஸ் வேலைக்குப் போயிட்டாங்க, ஏன்னா காசு அங்க இருந்துச்சு. மூணு வருஷப் புராஜெக்ட்ல ஒரு நெலப் போராட்டம் எப்படி முடியும் சொல்லுங்க? பட்டா வழக்கே இருபது வருஷம் இழுக்கும். அதனால "விழிப்புணர்வு முகாம் 12, பங்கேற்றோர் 480"ன்னு எண்ண முடிஞ்ச வேலையா மாத்திடுறாங்க. உங்களுக்கு இது என்னவிட நல்லாத் தெரியும்.

நான் சொல்றது ஒண்ணுதான், அடுத்த தடவ அறிக்கை எழுதும்போது அதே அறிக்கையத் தமிழ்ல ஊர்க்கூட்டத்துலயும் வாசிச்சுக் காட்டுங்க. டோனர் கேக்காத கேள்விய அவங்க கேப்பாங்க, உங்க மேனேஜருக்குக் கொஞ்சம் கசக்கும்.

கம்பெனிங்க சி.எஸ்.ஆர்.ங்கற சமூகப் பொறுப்புக் காச மக்கள் இயக்கங்களுக்குக் கொடுக்கலாமே?
— ர.சு., ஸ்ரீபெரும்புதூர்

லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும்னு 2014-ல இருந்து பெரிய கம்பெனிகளுக்குச் சட்டமே இருக்கு. ஸ்மார்ட் கிளாஸ் வரும், கழிப்பறை வரும், பி.எம். கேர்ஸுக்குக் கூடப் போகும். உங்க ஊர்த் தொழிற்சாலையில யூனியன் வைக்க உதவி கேட்டுப் பாருங்களேன், வாட்ச்மேனே திருப்பி அனுப்பிடுவாரு.

காசே வாங்காம ஒரு இயக்கம் சட்டத்த மாத்த முடியுமா? இல்ல இதெல்லாம் வெறும் லட்சியப் பேச்சா?
— த.நி., விழுப்புரம்

மாத்தியிருக்காங்க. தகவல் உரிமைச் சட்டம். அருணா ராய் நம்ம சென்னையில பொறந்தவங்க, ஐ.ஏ.எஸ்.ஸ விட்டுட்டு ராஜஸ்தானுக்குப் போனாங்க. அவங்களும் நிகில் டே, சங்கர் சிங்கும் அந்தப் பக்கத்துக் கிராமத்து மக்களும் சேந்து 1990 மே 1-ல தொழிலாளர் விவசாயிகள் சங்கம் ஒண்ண ஆரம்பிச்சாங்க, எம்.கே.எஸ்.எஸ்.னு சுருக்கமாச் சொல்வாங்க. வெளிநாட்டு நிதியும் வேண்டாம், அரசு மானியமும் வேண்டாம்னு ஆரம்பத்துலயே முடிவு, முழுநேர ஊழியர்களுக்கு அரசு நிர்ணயிச்ச குறைஞ்சபட்சக் கூலிதான். 1994 டிசம்பர்ல கோட் கிரானா கிராமத்துல கூட்டம் போட்டு, அரசு வேலையோட மஸ்டர் ரோல, அதாவது யாரு வேலைக்கு வந்தாங்க, எவ்வளவு கூலின்னு எழுதுன பட்டியல எடுத்து மைக்ல ஒவ்வொரு பேரா வாசிச்சாங்க. வேலைக்கே போகாதவன் பேரு, செத்துப் போனவன் பேரு, எல்லாத்துக்கும் நேரா கூலி வாங்குனதா கைநாட்டு. கூட்டத்துல இருந்தவங்க எழுந்திரிச்சு, அவன் எங்க வேல பாத்தான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. 1996-ல பியாவர் டவுன்ல 40 நாள் தர்ணா, கிராமத்துக்காரங்க வீட்டுத் தானியத்தக் கொண்டு வந்து பந்தல்ல சமைச்சுச் சாப்பிட்டு உக்காந்தாங்க. எங்க காசு எங்க கணக்குன்னு கோஷம். அடுத்தவன் கணக்கக் கேக்குறவங்க முதல்ல தங்களோட கணக்க எழுதி வச்சிருந்தாங்க, அதனால "உனக்கு யாரு காசு கொடுக்குறா"ங்கற கேள்வி அவங்ககிட்ட எடுபடல. 2005-ல நாடு முழுக்கச் சட்டம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே 1997-ல நாட்டுலயே முதல்ல இப்படி ஒரு சட்டம் போட்ட மாநிலம் நம்ம தமிழ்நாடு, ஆனா அதுல விதிவிலக்கு அவ்வளவு இருந்ததால யாருக்கும் பிரயோஜனப்படல.

ஆனா ஒண்ண மறந்துடக் கூடாது. சட்ட வரைவு எழுதுனது பந்தல்ல இல்ல. டெல்லியில வக்கீல்கள், பத்திரிகைக்காரங்க, பிரஸ் கவுன்சில் தலைவரா இருந்த நீதிபதி சாவந்த், இவங்க எல்லாம் சம்பளம் வாங்காம நேரம் கொடுத்தாங்க. அதுவும் ஒரு முதலீடுதான், செக்குல வராத முதலீடு. அப்படிப்பட்ட சிநேகம் இல்லாத ஒரு அருந்ததியர் சங்கமோ, கல்குவாரிச் சங்கமோ காசு வாங்காம நடத்துறேன்னு கெளம்புனா ரெண்டு வருஷத்துல வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிடும். மெரினாவ நிறைய பேர் எழுதியிருக்கீங்க, ஜல்லிக்கட்டுக்குச் சாப்பாடு தண்ணியெல்லாம் தானா வந்துச்சேன்னு. வந்துச்சு, ஏன்னா ஊர் மொத்தமும் ஒரே பக்கம் நின்னுச்சு. ஊர் எதிர்ப்பக்கம் நிக்குற விஷயத்துக்கு, சாதிக் கொலைக்கு எதிரா வழக்கு நடத்தவோ மலம் அள்ளுற தொழில ஒழிக்கவோ, யாரு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு வருவா? அங்க வெளிக் காசு இல்லாம ஓடாது, அத நான் தப்புன்னும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு பேசுறீங்களே, உங்க பத்திரிகைக்கு யாரு காசு?
— அதே கோயம்புத்தூர் வாசகர்

பின் அட்டையத் திருப்பிப் பாருங்க, ஒரு பிளாட் விளம்பரம் இருக்கும். அந்த விளம்பரம் காட்டுற ஏரி நிஜமாவே அங்க இருக்கான்னு நான் இன்னும் எழுதல.

ஒரு நிறுவனமோ கட்சியோ யாருகிட்ட காசு வாங்குதுன்னு சாதாரண ஆளு எப்படித் தெரிஞ்சுக்கறது?
— லெ.மா., காரைக்குடி

கட்சின்னா தேர்தல் ஆணையம் வெப்சைட்டுல வருஷா வருஷம் நன்கொடை அறிக்கை போடுவாங்க, 20,000 ரூபாய்க்கு மேல கொடுத்தவங்க பேரு இருக்கும். அதுக்குக் கீழ கொடுத்தவங்க பேரு தேட வேண்டாம், இருக்காது. எலெக்டோரல் டிரஸ்ட்னு ஒரு வழியும் இருக்கு, கம்பெனிங்க அதுல போட்டு அது கட்சிக்குக் கொடுக்கும், அதோட அறிக்கையும் அங்கயே கிடைக்கும். படிக்கக் கஷ்டமா இருந்தா ஏ.டி.ஆர். நடத்துற மைநேதா தளத்துல போய்ப் பாருங்க. வெளிநாட்டுக் காசு வாங்குற தொண்டு நிறுவனங்களோட வருஷக் கணக்கு முன்னாடி உள்துறை தளத்துல யாரு வேணா பாக்கலாம்னு இருந்துச்சு, 2022-ல அதுல பெரும்பகுதிய எடுத்துட்டாங்க. வெளிநாட்டுக் காசு ஆபத்துன்னு சொல்ற அரசாங்கமே அந்தக் கணக்க ஏன் மறைச்சு வைக்குதுன்னு எனக்குப் புரியல. உள்ளூர் சங்கம்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துப்படி மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல கணக்கு தாக்கல் பண்ணியிருக்கணும், கட்டணம் கட்டி நகல் கேக்கலாம். சங்கம் எந்தப் பதிவாளர் ஆபீஸ்ல பதிவாச்சோ அங்க போங்க, பதிவு எண்ணக் குறிச்சுக்கிட்டுப் போங்க.